பின்பக்கம் இல்லாத வீட்டின் முன்கதவு

கட்டிட வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "இது தாத்தா கட்டினது" என்று காட்டுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் கைகாட்டுகிற இடத்தில் ஒன்றும் இருக்காது. ஏதாவது இருந்தால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். நான் வீடு இடிக்கிறவன். பாறசாலையைச் சுற்றி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, என் ஆயுசில் பாதிக்கு மேல் வீடுகளைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். எங்கள் பேச்சில் இதற்குப் 'பொளிக்கிற வேலை' என்று பெயர். எனக்குப் பெண் பார்த்த தரகர் என் மாமனாரிடம், "பையன் பில்டிங் லைன்" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்று தள்ள முடியாது. ஒரு பில்டிங்கின் வாழ்க்கையில் நானும் ஒரு கட்டம்தானே. உண்மை தெரிந்தபோது மாமனார் தன் வீட்டு ஓட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

போன மாதம் பாறசாலையில் ஒரு சாயாக்கடையில் ஜே.சி.பி. ஓட்டுகிற பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, கையாலயா நீங்கல்லாம் வீடு பொளிச்சிய?"

"பின்ன காலாலயா?"

"ஒரு வீட்டுக்கு எத்தன நாளு ஆவும்?"

"வீட்டைப் பொறுத்து, மழையைப் பொறுத்து, வீட்டுக்காரனுக்க பெண்டாட்டியைப் பொறுத்து."

"எனக்கு இந்தச் சாயா ஆறதுக்குள்ள தீரும் ஆக்கும்" என்றான். சொன்னபடியே செய்கிறவன்தான். மறுநாள் அவன் ஒரு வீட்டை நொறுக்குவதைப் பார்த்தேன். கதவு, ஜன்னல், ஓடு, மனிதர்கள் சாய்ந்து சாய்ந்து மினுங்கிப்போன தூண் எல்லாம் ஒரே குவியலாக டிப்பரில் ஏறிப் போயிற்று. எதையும் எதிலிருந்தும் பிரிக்க அவனுக்கு நேரமில்லை. குற்றம் சொல்லவில்லை, எனக்கு அந்த யந்திரம் கிடைத்திருந்தால் நானும் இறங்கியே இருக்க மாட்டேன். ஆனால் எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எனக்கு ஒரு கதவுதான் ஞாபகம் வந்தது.

தொழில் படித்த கதை சுருக்கமானது. முதலில் ஓடு சுமந்தேன். பிறகு ஓட்டின் மேல் ஏறினேன். பிறகு ஓட்டின் வழியாகக் கீழே வந்தேன். விழுந்த இடத்தில் வைக்கோல் இருந்ததால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைக்கிறது. முதன்முதலாக நானே தனியாகச் சாய்த்த சுவர், நான் கணக்குப் போட்ட திசைக்கு நேர் எதிர்த் திசையில் போய் என் சைக்கிளின் மேல் படுத்துக்கொண்டது. அன்றைக்கு நடந்து வீடு போய்ச் சேர்ந்ததோடு என் படிப்பு முடிந்தது.

எனக்கு மேலே இருந்தவர் தங்கையன் மேஸ்திரி. பனச்சமூட்டுக்காரர். ஒல்லியான ஆள், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இடிபாட்டுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்பார். அவர் மேல் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. அவருக்கு வர வேண்டிய தூசியும் சேர்ந்து எனக்கு வரும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. "எலே" என்று கூப்பிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். "சார்" என்று கூப்பிட்டால் தப்பு செய்திருக்கிறோம். "சார் கொறச்சு இங்கின வருவியளா" என்றால் அந்த ஆளை அடுத்த வேலையில் பார்க்க முடியாது. என் வாழ்க்கையில் என்னை அதிகம் தடவை சார் என்று அழைத்த மனிதர் அவர்தான்.

அவருக்கு ஒரு முறை உண்டு. எந்த வீடானாலும் வீட்டுக்காரர் தன் கையால் பூட்டைத் திறந்து விட வேண்டும். பூட்டை உடைத்து உள்ளே போக மாட்டார். திறந்ததும் முதல் வேலை, முன்கதவைக் கழற்றி ஏதாவது மரத்தில் சாய்த்து வைப்பது. "வாசல்ல கதவு நின்னா அது வீடாக்கும். எவனாவது பழக்கத்துல உள்ள கேறுவான். கதவு போனா நாய்க்குக்கூடத் தெரியும், இனி இது வீடில்லைன்னு" என்பார். அதன் பிறகு ஓடு. முகட்டிலிருந்து கீழே, முன்சரிவிலும் பின்சரிவிலும் ஒரே அளவாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் பாரம் குறைந்து மறுபக்கம் நின்றால் கூரை பாரமுள்ள பக்கம் சுவரைத் தள்ளும். ஓட்டுக்குப் பிறகு ஓடு தங்குகிற பட்டியல் சட்டங்கள், பிறகு முகட்டிலிருந்து சுவருக்கு இறங்குகிற கழுக்கோல்கள், இரண்டிரண்டாக. அப்புறம் முகட்டு உத்திரம். சுவர் கடைசியில், உள்சுவர் முதலில். இந்த வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை. ஒரே ஒரு தடவை மாற்றினார். அது என் வாயால் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகிற ரோட்டோரத்தில் ஒரு இரட்டை வீடு. ஒரே பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டருமாக இருந்த இரண்டு பேர் சேர்ந்து கட்டியது. ஒரு நீளக் கூரை, ஒரே முகட்டு உத்திரம், ஒரே வராந்தா, இரண்டு வாசல், நடுவில் ஒற்றைச் சுவர். ரோட்டைப் பார்த்து நிற்கிற வீட்டின் வலப்பாதி டிரைவருக்கு, இடப்பாதி கண்டக்டருக்கு. பஸ்ஸில் எப்படியோ அப்படி. அந்த நடுச்சுவரும் முழுச் சுவர் இல்லை. கூரை தொடங்குகிற மட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் ஒரே வெளிதான். டிரைவர் இருமினால் கண்டக்டர் வீட்டில் கசாயம் போடுவார்களாம்.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டிரைவரின் மகன் சசிதரன் மஸ்கட்டில் இருந்தான். கண்டக்டரின் மனைவி பிலோமி அக்கா, முந்திரி ஆலைக்கு, அதாவது எங்கள் ஊர் அண்டியாபீசுக்கு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மகள், ஷைனி. சசிதரன் வெளிநாட்டில் இருக்கிற காலமெல்லாம் அவன் வீட்டுச் சாவி பிலோமி அக்கா வீட்டு ஆணியில், மாதா படத்துக்குக் கீழே தொங்கும். வாரம் ஒரு தடவை ஷைனி போய்த் திறந்து பெருக்கி, ஜன்னலைத் திறந்து காற்று விட்டுப் பூட்டி வருவாள். சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அவளுடைய வேலை அது.

அந்த மகரத்தில், அதாவது தை மாதத்தில், சசிதரன் லீவில் வந்து மாமனார் வீட்டில் தங்கினான். தன் பாதியைப் பொளித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும். ஒரு வியாழக்கிழமை அஸ்திவாரக் கல் போட ஜோசியக் கணியான் நாள் குறித்துவிட்டார். அதைத் தாண்டினால் லீவும் தாண்டும். அதற்கு முந்தைய வியாழனன்று நானும் மேஸ்திரியும் ஆட்களோடு போய் முற்றத்தில் நின்றோம். பிலோமி அக்கா படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாவியை எடுத்துத் தாருங்க" என்றான் சசிதரன்.

"சாவி உண்டு" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"பின்ன தாருங்க."

"ஞாயிற்றுக்கிழமை கழிஞ்சு தாறேன்."

"அக்கா, எனக்கு நாளில்ல. வியாழன் அங்க கல்லு விழணும்."

"ஒனக்க வீட்டை நீ பொளி. நான் வேண்டாம்னு சொன்னேனா? ஞாயிற்றுக்கிழமை ஷைனிக்கு வீடு காண வாறாவ. பாதி கடிச்ச பப்படம் மாதிரி வீட்டை வச்சிட்டு நான் அவியளை எங்கின இருத்த?"

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு வீடு காணல் என்று ஒன்று உண்டு. பையனின் பெரியவர்கள் பெண் வீட்டுக்கும், பெண்ணின் பெரியவர்கள் பையன் வீட்டுக்கும் போய், சுவரையும் கிணற்றையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து வருவார்கள். அதில் மனம் ஒப்பினால்தான் மாதா கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கச் சொல்வது. பையன் காஞ்சிரங்குளம் பக்கம், வெல்டிங் வேலை. தகப்பனில்லாத பெண்ணுக்கு இந்த இடம் எளிதில் வந்ததல்ல. முன்னால் வந்த இடமெல்லாம் வீட்டைப் பார்த்துவிட்டுச் சாயாவோடு போனவர்கள். அக்கா இதையெல்லாம் கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பூட்டை உடைக்க எனக்குத் தெரியாதா?" என்றான் சசிதரன்.

"உடைச்ச பூட்டு வழியா நாங்க கேற மாட்டோம்" என்றார் மேஸ்திரி, சாதாரணமாக.

மௌனம் வந்தால் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. "முன்பக்கம் அப்படியே நிக்கட்டு. பின்னால இருந்து பொளிப்போம். ரோட்டுல இருந்து பாத்தா வீடு, கிணத்தடியில இருந்து பாத்தா வெளி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மேஸ்திரி மெதுவாகத் திரும்பினார். "சார் என்ன சொன்னிய?"

ஆனால் சசிதரன் முகத்திலும் அக்கா முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒத்துக்கொண்ட ஒரு காரியத்தை மேஸ்திரியால் தனியாக நின்று தடுக்க முடியவில்லை. நிபந்தனை போட்டார். முன்கதவு நின்றால் பூட்டியே நிற்க வேண்டும், சாவி அக்காவிடமே இருக்க வேண்டும். நாங்கள் பின்கதவு வழியாக. "பின்ன ஒண்ணு. முன்சுவர் தனியா நிக்கது வரை அதுக்குக் கூட ஒரு ஆளு நிக்கணும். ஞாயிற்றுக்கிழமை ஆளு வரும்போதும் நிக்கணும். அந்த ஆளு சார்தான்."

சசிதரன் சாவியை வாங்கி, முறைப்படி முன்கதவைத் திறக்கப் போனான். மஸ்கட்டில் இருந்து வந்தவன். தள்ளினான், தோளால் இடித்தான், திறக்கவில்லை. அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஷைனி ஈரக் கையோடு வந்தாள். கதவு வளையத்தைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, முட்டியால் ஒரு தள்ளு. திறந்துகொண்டது. "கீல் தாந்து போச்சு அண்ணா. தூக்கித் தள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல கதவு அது. பலாமரம், எங்கள் பேச்சில் பிலா; ஒற்றைப் பலகை, பித்தளை வளையம். மறுபடி பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த வேலை மாதிரி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. பின்சரிவு ஓட்டை மட்டும் இறக்கினோம். பின்சரிவு போய்விட்டால் முன்சரிவின் முழுப் பாரமும் முன்சுவரை ரோட்டுப் பக்கம் தள்ளும் அல்லவா, அதனால் ஓட்டைத் தொடுவதற்கு முன்பே முகட்டு உத்திரத்துக்குக் கீழே தென்னந்தடி முட்டுகள் நிறுத்தி, அடியில் பலகை வைத்து ஆப்பு இறுக்கினோம். கழுக்கோல்களின் நடுவில் ஒரு குறுக்கு மரம், அதற்குச் சாய்வாக வேறு முட்டுகள். மேஸ்திரி ஒவ்வொரு ஆப்பையும் கையால் தட்டிப் பார்ப்பார், சுத்தியலால் அல்ல. அந்தப் பக்கத்துக்குத் தூசி போகாமல் இருக்க நடுச்சுவருக்கு மேலே இருந்த வெளியைத் தென்னங்கிடுகால் மறைத்தோம். பின்சுவரும் உள்சுவர்களும் நின்ற இடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வாழைத்தோட்டம் தெரிந்தது.

ரோட்டில் போய் நின்று பார்த்தேன். சாமி சத்தியமாக ஒரு முழு வீடு. பிலோமி அக்கா சும்மா இருக்கவில்லை. சசிதரன் பாதியின் ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை கட்டியிருந்தாள். வாசலில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. அதையெல்லாம் பார்த்தபோது எனக்கே அந்த வீட்டுக்குள் போய் ஒரு சாயா குடிக்கலாம் என்று தோன்றிற்று.

ஞாயிறு காலை குர்பானைப் பூசை முடிந்த நேரத்துக்கு நான் உள்ளே, இல்லை, பின்னால் போய் நின்றுகொண்டேன். மகரக் காற்று வேறு. நடுமுட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கட்டளை. கூரையில் நிற்பதைவிட அது கஷ்டமான வேலை. ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. கிடுகு தூசியைத்தான் தடுக்கும், பேச்சைத் தடுக்காது. அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் எனக்குத் திண்டில் சாய்ந்து ரேடியோ கேட்பதுபோல் கேட்டது.

முதலில் சசிதரனின் குரல். "வாருங்க, வாருங்க. கேறி இருங்க." அந்த வீட்டில் ஆண்கள் இல்லை என்று, இஸ்திரி போட்ட சட்டையோடு பெண்ணுக்கு அண்ணன் ஸ்தானத்தில் அவனே வந்து நின்றிருந்தான். சாவிக்காக முற்றத்தில் நின்று சண்டை போட்டவன்தான். யாரும் அவனை அப்படி நிற்கச் சொல்லவில்லை என்று பின்னால் அறிந்தேன்.

வந்தவர்களில் பேசுகிறவர் பையனின் தாய்மாமன், லாறன்ஸ் என்று பெயர். கனத்த குரல். ஆளும் கனம்தான், அது எனக்குப் பிறகு தெரிய வந்தது. பழம், மிக்சர், சாயா. பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பிறகு மாமன் சொன்னார்:

"புரோக்கர் சொன்னப்ப நான் நம்பல்ல கேட்டியளா. ரோட்டோரத்துல இத்தன நீளத்துல ஒரு வீடு. பரவாயில்ல, பொய் சொல்லல்ல."

"நீளமா?" என்றாள் பிலோமி அக்கா.

"ரெண்டு வாசல் உண்டே. கல்யாணம் கழிஞ்சு பிள்ளைகள் வந்தா அந்தப் பக்கத்து ரூமு போதும். அதையும் ஒண்ணு பாத்துருவோமா."

அந்தப் பக்கத்து ரூமில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேர் மேலே ஒரு காக்கா பறந்து போயிற்று.

"மாமா, அது வந்து" என்று சசிதரன் இழுத்தான்.

"சாவி இதுதானே?" மாமன் மாதா படத்துக்குக் கீழே கைவைத்துவிட்டார் போலிருக்கிறது. வராந்தாவில் நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புச் சத்தங்கள் என் பக்கம் வந்தன. பூட்டில் சாவி திரும்பியது.

முதல் தள்ளுக்குக் கதவு அசையவில்லை. சுவர் அசைந்தது. தலைக்கு மேலே ஒரு ஓடு நகர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது தள்ளு தோளால். முகட்டிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையில் விழ, நடுமுட்டின் அடியில் ஆப்பு ஒரு விரல் வெளியே வந்தது. நான் அந்தத் தென்னந்தடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். கல்யாணத்தன்றுகூட யாரையும் அப்படிப் பிடித்ததில்லை. கத்தினால் சம்பந்தம் போகும், கத்தாவிட்டால் சுவர் போகும், சுவர் போனால் அந்தப் பக்கம் மாமனும் இந்தப் பக்கம் நானும். இரண்டு மாநிலத்துச் சாமிகளையும் மதபேதமில்லாமல் கூப்பிட்டேன்.

"மழையில ஊதியிருக்கும். ஒண்ணு இடிச்சா வரும்" என்றார் மாமன். பின்னால் போய் ஓடி வருவதற்கு இடம் பார்க்கிறார் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

அப்போதுதான் ஷைனியின் குரல் கேட்டது.

"மாமா, நில்லுங்க. அதை இடிக்காதீங்க."

"ஏன் மோளே?"

"அது எங்க வீடில்ல. எங்களுக்கு இந்தப் பாதிதான். அந்தப் பாதி சசியண்ணனுக்க. பொளிச்சிட்டிருக்கு. பின்னால ஒண்ணும் கெடயாது."

எல்லாச் செருப்புகளும் நின்றன.

"பாக்கணும்னா பாத்துக்கிடுங்க" என்றாள். வளையம் கிளிங்கென்றது. ஒரு தூக்கல், முட்டியால் ஒரு தள்ளு. கதவு சுவரை நோகடிக்காமல் திறந்தது.

வாசலில் மாமன், அவருக்குப் பின்னால் பையனின் அம்மா, அவளுக்குப் பின்னால் சசிதரன், எல்லாருக்கும் பின்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பிலோமி அக்கா. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அரைக்கூரை, கிணறு, வாழைத்தோட்டம், ஆகாயம். நடுவில் தலை வெள்ளையாக, ஒரு தென்னந்தடியைக் கட்டிக்கொண்டு நான்.

"வாருங்க" என்றேன். விருந்தாளிகளிடம் வேறு என்ன சொல்வது. "இருத்த எடமில்ல."

மாமன் உள்ளே ஒரு அடி வைத்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"முட்டு."

"என்னது?"

"அந்த ஆப்பு வெளிய வந்திருக்கு. அதை யாராவது உள்ள அடிச்சாத்தான் நான் மனுசனாவேன்."

சசிதரன் இஸ்திரிச் சட்டையோடு குனிந்து ஓடி வந்தான். மாமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கல்லை எடுத்தார். அவருக்கு வேலை தெரிந்திருந்தது; ஆப்பை இரண்டே அடியில் இறுக்கினார். கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது பிலோமி அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். அழவில்லை. அண்டியாபீசில் மேலாளரிடம் பேசுகிறவள்போல் நேராக நின்று சொன்னாள்:

"புரோக்கர் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. நீளம்னு நான் சொல்லல்ல. இண்ணைக்கு ஒரு நாளு வீடு முழுசா நிக்கட்டும்னு கேட்டது நான்தான். திரை கட்டினதும் நான்தான். அது பொய்யின்னா பொய்யி. பிள்ளைக்கு அதுல பங்கில்ல."

மாமன் கதவை உள்ளும் புறமும் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார்.

"பிலாவாக்கும்?"

"வைரம் பாஞ்ச பிலா" என்றேன்.

"ம்." பிறகு பிலோமி அக்காவிடம், "எங்க வீட்டைப் பத்திப் புரோக்கர் உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"புது வீடுன்னான். வேலையெல்லாம் தீந்து, குடியிருக்க வேண்டியதுதான் பாக்கின்னான்."

மாமன் தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பையனின் அம்மா வாழைத்தோட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

"நாலு ரூமு உண்டு" என்றார் மாமன். "கான்கிரீட்டு உண்டு. கதவு ஒண்ணு கெடயாது. முன்வாசல்ல சாக்கு தொங்குது. வாற ஞாயிறு நீங்க வீடு காண வருவிய, அதுக்குள்ள எங்கயாவது ஒரு கதவு இரவல் வாங்கி நிறுத்தணும்னு இவளும் நானும் ஜீப்புல பேசிட்டு வந்தோம்."

அங்கே அறை இருக்கிறது, கதவு இல்லை. இங்கே கதவு இருக்கிறது, அறை இல்லை. ஒரே புரோக்கர் இரண்டையும் முழு வீடாக்கி வைத்திருக்கிறான். எங்கள் பில்டிங் லைனில் அவனைப்போல் திறமையான ஆளை நான் பார்த்ததில்லை. முதலில் சிரித்தது பையனின் அம்மா. பிறகு மாமன். முட்டு நடுங்குகிற அளவுக்குச் சிரிக்க வேண்டாம் என்று நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

"இந்தக் கதவு என்ன ஆவும்?" என்று போகும்போது மாமன் கேட்டார்.

"பொளிச்ச சாமானெல்லாம் மேஸ்திரிக்குள்ளது" என்றேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். நடந்ததை நான் அவருக்குச் சொல்வதற்கு முன்பே பனச்சமூட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். "சார் வந்தவங்களை உள்ள வரச் சொன்னியளாமே" என்றார். அவ்வளவுதான். முதலில் அந்தக் கதவைக் கழற்றினார், தன் கையால், என்னை விடவில்லை. பிறகு முன்சரிவு. கடைசியில் முகட்டு உத்திரம் மட்டும் பாதி வீட்டின் மேலும் பாதி ஆகாயத்தின் மேலுமாக நின்றது. சசிதரனுக்கு அதை நடுச்சுவரின் நட்டநடுவில் அறுக்க வேண்டும். அவன் சுவர் அங்கே ஒட்டி வரும். மேஸ்திரி ஏணியில் ஏறி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரைத் தாண்டி ஒரு முழம் சசிதரன் பக்கம் தள்ளிக் கரியால் கோடு போட்டார். "அங்க ஒரு வீடு நிக்கணும். நுனி சுவருல இருந்தா மழை குடிக்கும்" என்றார். சசிதரன் மேலே பார்த்தான், அடுத்த வீட்டைப் பார்த்தான். "செரி. நான் எனக்க சுவரைத் தள்ளி வச்சுக்கிடுதேன்" என்றான். வியாழக்கிழமை கல் விழுந்தது. நடுச்சுவருக்கு மேலிருந்த வெளியைச் செங்கல் வைத்து அடைத்துக் கொடுத்தோம். இரண்டு வீட்டுக்கும் அன்றுதான் முதன்முதலாகத் தனித்தனி இருமல் வந்தது.

கதவை லாறன்ஸ் மாமன் வாங்கிக்கொண்டு போனார். என்ன விலை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்பது மேஸ்திரிக்குத் தெரியும்.

வைகாசியில், எங்கள் இடவ மாதத்தில், கல்யாணம். அக்கா எங்கள் எல்லாரையும் அழைத்திருந்தாள். கோயிலில் தாலிகட்டு முடிந்து காஞ்சிரங்குளத்துக்குப் பஸ்ஸில் போனோம். மழை பெய்யத் தொடங்கியது. சாரல் உள்ளே அடிக்கிறதென்று யாரோ முன்கதவைச் சாத்திவிட்டிருக்கிறார்கள். மாமியார் உள்ளே, பிள்ளைகளை ஜெபமாலை போட்டு வரவேற்கத் தயாராக. மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே, ஒரே குடையில். நடுவில் நனைந்து ஊதின பிலாக்கதவு. உள்ளேயிருந்து இழுக்கிறார்கள். வெளியிலிருந்து லாறன்ஸ் மாமன் தோள் கொடுக்கிறார். வெல்டர் மாப்பிள்ளை கீலை ஆராய்கிறான். கீலையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். கதவுதான் பழைய பழக்கத்தை விடவில்லை. பந்தலுக்குள் இருந்த ஜனம் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. நானும் இரண்டு சொன்னேன்.

ஷைனி குடையை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். "கொறச்சு மாறுங்க மாமா" என்றாள். பட்டுச் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, பித்தளை வளையத்தைப் பிடித்து மேலே தூக்கினாள். முட்டியால் ஒரு தள்ளு.

உள்ளே மாமியார் ஜெபமாலையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அறை இருந்தது, அறைக்குப் பின்னால் இன்னொரு அறை. நான் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

மகரத்திலிருந்து அதுவரை என்னைச் சார் என்றே அழைத்துக்கொண்டிருந்த தங்கையன் மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு துளி மழை இல்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்தார்.

"எலே" என்றார், "வா, சோறு தின்னலாம்."